ஆக்னஸ் வீட்டு ஜன்னல்திரை

பெல்பாஸ்ட்,
19 ஜூன் 1917.

அன்புள்ள அலெக்குக்கு,

நானும் ரூபியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே கோபமாக வருகிறது. மூன்று வாரமாகப் போர்முனையிலிருந்து ஒரு வரி இல்லை. பந்தாட்டக்காரனுக்குக் காலில்தான் வேலை, கை சும்மாதானே இருக்கிறது?

இங்கே தெருவே ஒரு மாதிரியாக இருக்கிறது. நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கட்டை விரலையும் தராசில் சேர்த்து நிறுக்கிற கறிக்கடை மெக்கில்வீன், நேற்று எலும்பில்லாத துண்டாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்து, "இருக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறான். நெருப்பில்லாமல் புகையுமா?

உங்கள் கிளப் பெரியவரும் வந்தார். காசுக்கு ஆடுகிறவன் என்று உங்களைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னாரே, அவரேதான். நம் அடுப்படியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அயர்லாந்துக்காக ஆடியதற்கு உங்களுக்குக் கொடுத்த வெல்வெட் குல்லாயைப் பார்த்து, "இதைப் பத்திரமா வச்சுக்கோம்மா" என்றார். "அவர் வர்ற வரைக்கும் தூசி தட்டுறது என் வேலைதானே" என்றேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஹ்யூகி தன் பெண்டாட்டிக்கு எழுதிய கடிதம் வியாழக்கிழமை ஆக்னஸுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆட்டத்திலும் பட்டாளத்திலும் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறவராயிற்றே என்று போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்ல மினா, அங்க ஒரே மழையாம்" என்றாள். சொல்லும்போதே அழுகிறாள். மழைக்கு யாராவது அழுவார்களா?

அப்போதே முடிவு கட்டிவிட்டேன், அங்கே ஒரு பிரெஞ்சுக்காரி இருக்கிறாள். கிளாஸ்கோவில் சம்பளத்துக்கு ஆடப் போனபோதும் இப்படித்தான் கிசுகிசுத்தார்கள். கப்பலேறி வந்து பார்த்தால் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிப் படுத்துக் கிடந்தீர்கள். "நீ அழுவேன்னுதான் சொல்லல" என்றீர்கள். பாவி மனுஷா, அதற்காகத்தான் அன்று உங்களை அடித்தேன்.

இன்று காலை ஆக்னஸ் வீட்டு ஜன்னல்திரை இறங்கியிருந்தது. பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. தெருவில் சாவு விழுந்தால் எல்லோரும் திரையை இறக்குவதுதான், அது எனக்குத் தெரியாதா? ஆனால் யார் வீட்டில் சாவு என்று கேட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தேன். நம் வீட்டில் மட்டும்தான் திரை மேலே இருக்கிறது.

அலெக், பிரெஞ்சுக்காரி இருக்கிறாள் என்றே எழுதுங்கள். அழகி என்றுகூட எழுதுங்கள். கத்துவேன், நாலு தட்டை உடைப்பேன், அப்புறம் மன்னித்துவிடுவேன். சத்தியம். கை முடியாவிட்டால் ஹ்யூகியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

"நம்ம வீட்லயும் இறக்கட்டுமாம்மா?" என்று ரூபி கயிற்றைப் பிடித்தாள். கையைத் தட்டிவிட்டேன். உங்கள் கடிதம் வரும்; நம் வீட்டுத் திரை இறங்காது.

கடவுள் உங்களைக் காக்கட்டும். எங்கே இருந்தாலும் காக்கட்டும்.

உங்கள்,
மினா