தொப்பூர் மேட்டில் ஒரு சோப்புத் துண்டு

மாமா,

நேற்று காலை காரிமங்கலத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கல் ஏற்றிய லாரி ஒன்று வேகமெடுத்தபோது, இன்ஜின் இரைச்சலுக்குள் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் எழும்பியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது எல்லா லாரியிலும் டர்போ இருக்கிறது. யாருக்கு அது புதிது? நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

எழுபதுகளின் நடுவில் அந்தச் சத்தம் உங்கள் லேத் பட்டறைக்குப் பின்னால் முதல்முதலாகக் கேட்டபோது, தெருவே வந்து எட்டிப் பார்த்தது. நீங்கள் தர்மபுரியில் கடைசல் பிடிப்பவர். நான் கடத்தூர்ப் பக்கம் கிணற்று இன்ஜின்களைப் பழுது பார்க்கிற குடியானவன். நீங்கள் மசூதிக்குப் போகிறவர், நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் பழகிய முதல் மாதமே நீங்கள் எனக்கு மாமா ஆனீர்கள், நான் உங்களுக்கு மாப்பிள்ளை ஆனேன்.

நீங்களும் உங்கள் அண்ணனும் ஓட்டிவந்த பழைய டாக்சி, ஆள் நிறைந்துவிட்டால் தொப்பூர் கணவாயில் ஏறாது. பாதி மேட்டில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட வேண்டும். அதற்கு மருந்தாகத்தான் சேலத்துக் காயலான் கடையிலிருந்து அந்த டர்போவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். ஏதோ மண் வாரும் இயந்திரத்தில் இருந்ததாம். சுருண்ட உருவத்தைப் பார்த்து நான் அதற்கு ‘நத்தை’ என்று பேர் வைத்தேன்.

“வெளிய போற பொகையே காத்தாடிய சுத்தும். அது காத்த புடிச்சி இன்ஜினுக்குள்ள ஊதும். ஓசிக் காத்து மாப்ளே!” என்றீர்கள்.

காற்று ஓசிதான். கார்பரேட்டர்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. நத்தை ஊதுகிற காற்று கார்பரேட்டர் வழியாகப் போகிறது. அதே அழுத்தம் பெட்ரோல் நிற்கிற கிண்ணத்துக்கும் கிடைத்தால்தான் பெட்ரோல் மேலே வரும். அதற்காக மெல்லிய செம்புக் குழாய் ஒன்றைக் கிண்ணத்தின் தலைக்கு இழுத்திருந்தீர்கள். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் விசில் கேட்ட மறுநொடியே இன்ஜின் இருமியது, திணறியது, செத்தது. பெட்ரோலை விடும் சிறு துளையான ஜெட்டைப் பெரிதாக்கினோம். நின்ற இடத்தில் கரும்புகை கக்கியது. மேட்டில் மறுபடி செத்தது. இன்னும் பெரிதாக்கினோம். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்திருந்தால், கழற்றிய பிளக்கின் முனை வறுத்த ராகி நிறத்தில் இருக்க வேண்டும் என்பது உங்கள் அளவுகோல். நமக்கோ ஒன்று அடுப்புக்கரி, இல்லாவிட்டால் சுண்ணாம்பு.

மூன்று வாரம் டாக்சி ஓடவில்லை. உங்கள் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள மேடு ஏறணும். இல்லைன்னா நத்தைய தூக்கிப் போட்டுட்டு நீ, நான் சொல்லி வச்சிருக்கற பெங்களூர் கம்பெனி வேலைக்குக் கெளம்பு.”

நீங்கள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவது? பயிரையும் மழையையும் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் உண்டு. ஜெட்டைப் பற்றிப் பேச நீங்கள் ஒருவர்தான்.

வியாழக்கிழமை மதியம் அண்ணனையும் இரண்டு ராகி மூட்டையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கணவாயில் இறங்கி, திருப்பி ஏறினோம். முதல் வளைவில் விசில் வந்தது. இரண்டாவது வளைவில் கார் நின்றது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் பானெட்டைத் திறந்து, “போதும் மாப்ளே, கழட்டிப்புடலாம்” என்றபடி முதலில் செம்புக் குழாயைக் கழற்றினீர்கள். பழக்க தோஷம், வாயில் வைத்து ஊதினீர்கள். காற்று போகவில்லை. கம்பியால் குத்தியதும் மஞ்சளாக ஒரு துண்டு உள்ளங்கையில் விழுந்தது. சோப்பு.

பெட்ரோல் டேங்க் கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது நம் பக்கத்து வைத்தியம். அந்தக் குழாயை மாட்டிய அன்றே மூட்டில் ஈரம் தெரிய, நல்லது செய்கிறோம் என்று நான்தான் ஒரு துண்டைப் பிசைந்து அழுத்தினேன். அது உள்ளே போய் அடைத்துக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை. மூன்று வாரமும் நாம் ஜெட்டோடு மல்லுக்கட்டியது என் சோப்பால்.

“எவன்டா இதுல சோப்ப வச்சது?” என்றார் அண்ணன், இறங்கி வந்து.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். “நான்தான்ணே. ஒழுவுச்சின்னு வச்சேன். மறந்துட்டேன்.” என் பக்கம் திரும்பவே இல்லை.

பழைய சின்ன ஜெட்டைத் தீப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினீர்கள். காதைச் சாய்த்து, கார்பரேட்டர் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாக நகர்த்தினீர்கள். இருமல் நின்றது. பிறகு அந்த மேடு! முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. விசில் ஏற ஏற கார் முன்னால் பாய்ந்தது. மூட்டை வண்டிகளையும் முக்கிக்கொண்டிருந்த ஒரு பேருந்தையும் தாண்டினோம். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு உங்களுக்கே கேட்டிருக்கும்.

மேலே நிறுத்திப் பிளக்கைக் கழற்றினீர்கள். வறுத்த ராகியேதான். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “சோப்ப வச்சது நானுங்கண்ணா. மாமா இல்லைங்க” என்று உளறிவிட்டேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியும். எங்க வூட்டு சோப்பு பச்சை.”

நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் ரோட்டோரக் குரங்குகள் மரமேறிக்கொண்டன. நீங்கள் பெங்களூருக்குப் போகவில்லை. அந்த டாக்சியிலிருந்து அதற்கப்புறம் யாரும் இறங்கி நடக்கவுமில்லை.

இவ்வளவு சிரித்தும் ஒரு முள் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது, மாமா. என் கைவேலையால் உங்களை ஊரைவிட்டே துரத்தப் பார்த்தேனே, கார் ஏறியதால் அல்லவா தப்பித்தோம் என்று. போன மாதம் உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை இப்போது. அந்த முள்ளை அவரிடம் சொன்னேன்.

“காரு ஏறுனதுக்காவ அவன இங்க வுட்டு வைக்கலப்பா. பெங்களூர்ல சொல்லி வச்சதெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. அவன் உனக்காவ பொய் சொன்னான். நீ அத பத்து நிமிஷம்கூட நிக்க வுடல. இந்த ரெண்டு பேரையும் பிரிச்சா பாவம்னு அன்னிக்கே வேலை வேணாம்னு எழுதிப் போட்டுட்டேன்” என்றார்.

அதைக் கேட்டதும் நடுத்தெருவில் நின்று அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதிதான் துக்கம். இன்றும் என் கையால் ஒரு வேலை கெட்டுப்போனால், யார் என்று கேட்கும் முன்பே ‘நான்தான்’ என்று சொல்லிவிடுகிறேன். என் பழியைத் தலையில் போட்டுக்கொள்ள இனி நீங்கள் இல்லையே.