நனைத்த சாக்கு

இது யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

செப். 8, திங்கள்
மழை இல்லை. புழுக்கம். கணக்கு டெஸ்ட் மோசம்.
மணி அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்குவாரிக்கு எதிராக ஊரையே கூட்டி மனு கொடுத்தவன். ராத்திரி யாருக்கு முடியாமல் போனாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். உடனே பைக்கை எடுப்பான். என் வகுப்பு செல்வியின் தம்பியைப் பாம்பு கடித்தபோதும் அவன்தான்.
குவாரி லாரி அவன் கூட்டாளி பாண்டியை அடித்துக் கொன்றது. கேஸ் ஒன்றுமில்லாமல் போனது. அதற்குப் பிறகு மனு என்றாலே சிரிக்கிறான். யார் யாரோ அவனைத் தேடி வருகிறார்கள். பெயர் சொல்வதில்லை.

செப். 10, புதன்
காலையில் தோட்டத்தில் பறித்த பூ வாடாமல் சாக்கு நனைத்துப் போடுவது என் வேலை. இன்று சாக்குகளுக்கு அடியில் ஒரு பொட்டலம். வெடி. ஒயர்.
பின்னால் அண்ணன்.
“அத வை.”
“எதுக்குண்ணே இது?”
“குவாரி ஆபீசுக்கு.”
“செல்வி அப்பா வாட்ச்மேன்ல. அங்கதான படுப்பாரு.”
பொட்டலத்தை வாங்கிச் சாக்குக்கு அடியில் திரும்ப வைத்தான். பிறகு, “அவனுக சோத்தத் திங்கிற ஆளுதான,” என்றான்.
அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

செப். 11, வியாழன்
செல்வி டிபனில் எலுமிச்சைச் சோறு. பாதி எனக்கு.
“என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?”
தலைவலி என்றேன். சொன்னால் அண்ணனைப் போலீஸ் பிடிக்கும்.
சாயங்காலம் பொட்டலத்தைச் சாக்கோடு தொட்டியில் முக்கி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். தீபாவளிக்கு நனைந்த வெடி எதுவும் வெடித்ததில்லை. நிம்மதி. இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

செப். 12, வெள்ளி
பொட்டலம் இல்லை. அண்ணனும் இல்லை. அம்மா அவனுக்குச் சோறு மூடி வைத்திருக்கிறாள்.
சாப்பிடும்போது அப்பாவிடம் சும்மா போலக் கேட்டேன். “நனஞ்ச வெடி வெடிக்குமாப்பா?”
“தீவாளி வெடியா, கெணத்து வெடியா? நம்ம கெணறு தோண்டுறப்ப தண்ணிக்குள்ளயே வச்சு வெடிச்சானுகள்ல. எதுக்குக் கேக்குற?”
செல்விக்கு போன் போட்டேன்.
“அப்பா எங்கடி?”
“டூட்டிக்குப் போய்ட்டாரு.”
“வீட்டுக்கு வரச் சொல்லு.”
“எதுக்குடி?”
போனை வைத்துவிட்டேன்.

இப்போது ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. குவாரியில் ராத்திரி வெடி வைப்பதில்லை.
நாய்கள்.
கதவைத் தட்டுகிறார்கள். செல்வி குரல்.
“மணிண்ணே, செத்த வண்டிய எடுங்கண்ணே. அப்பா போன் எடுக்கல.”