பலகைக்குப் பூசிய எண்ணெய்

ஜூன் 2, ஞாயிறு

காய் நறுக்கும் பலகைக்கு எண்ணெய் பூசும் நாள். இந்த வீட்டுச் சமையலறையில் என் அதிகாரம் செல்லுபடியாகும் ஒரே இடம் அந்தப் பலகைதான். உப்பும் எலுமிச்சை மூடியும் வைத்துத் தேய்த்து, கழுவி, துடைத்து, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டேன். மருந்துக் கடையில் வாங்கும் வெள்ளை எண்ணெய் தீர்ந்துவிட்டது. பலகையைச் செய்துகொடுத்த தச்சர் போன வாரம் ஒரு பாட்டில் தந்திருந்தார். "என் கைக்கலவை சார். பூசிப் பாருங்க, பளபளன்னு ஆயிடும்." ஆனது. மனைவி எட்டிப் பார்த்து, "என்னை ஒருநாளாவது இப்படிக் கவனிச்சிருக்கீங்களா?" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

மதியம் அலுவலகத்துக்கு போன். சிட்டுவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. "சார், பாப்பாவுக்கு உதடெல்லாம் வீங்கிடுச்சு. ஊசி போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்."

என் மகளுக்கு நாலு வயது. முந்திரி, பாதாம், வால்நட் எதுவும் அவளுக்கு ஆகாது; அதற்கான அவசர ஊசி எப்போதும் வீட்டிலேயே இருக்கும். பிழைத்துவிட்டாள். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஏதோ கொட்டை வகை உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். எப்படிப் போகும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிப்பவன் நான். அக்காவிடம் கேட்டேன். "ஆப்பிள் மட்டும்தான் சார் நறுக்கிக் குடுத்தேன்." நம்பவில்லை. அவருடைய பையை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். முந்திரி பிஸ்கட் பாக்கெட் ஒன்று விழுந்தது.

"என் பொண்ணுக்கு வாங்கினது சார். இங்க வெளியவே எடுக்கல."

"பிரிக்கவே இல்லையேங்க" என்றாள் மனைவி. இன்னொரு பாக்கெட் இருந்திருக்கும் என்றேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். சிட்டு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் வேலை பார்த்தவர், செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

செய்தது சரிதான்.

ஜூன் 9, ஞாயிறு

சிட்டுவைப் பெரியம்மா வீட்டில் விட்டிருக்கிறோம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா பேசினார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவை வைக்கலாமா என்று கேட்டார். "குழந்தை விஷயத்துல நம்ப முடியாதுங்க" என்றேன். போனை வைத்ததும் மனைவி, "அந்த வார்த்தை எதுக்கு?" என்றாள். பலகையைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று சிட்டு வந்தாள். மகள் வருகிறாள் என்று முந்தாநாளே பலகைக்கு மறுபடி எண்ணெய் பூசி வைத்திருந்தேன். இன்று காலை நானே ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன். பத்தே நிமிடம் — கழுத்தெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிப்போச்சு. ஊசியின் மூடியைக் கழற்றவே எனக்கு வரவில்லை. மனைவி பிடுங்கிப் போட்டாள்.

அக்கா தனியாளா இருந்து எப்படிப் போட்டாங்க?

இன்று வீட்டில் வெளியாள் யாரும் இல்லை. பையும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. நான், ஆப்பிள், கத்தி, பலகை.

ஜூன் 24, திங்கள்

தச்சரிடம் போனேன். அந்த பாட்டிலில் என்ன?

"தேன்மெழுகும் வால்நட் எண்ணெயும் சார். பயப்படாதீங்க, சாப்பிடற எண்ணெய்தான்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிட்டுவைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? உப்பு பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் படிக்கிறவன், இந்த பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரத்துக்குத்தானே பூசுகிறோம் என்று இருந்துவிட்டேன். அது வாய்க்குள் போகும் என்று தோணவே இல்லை. என் பிள்ளைக்கு நானே தடவித் தடவிக் குடுத்திருக்கேன். பழியை அக்கா தலையில கட்டிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஜூன் 25, செவ்வாய்

பலகையைக் குப்பையில் போட்டேன். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

போனேன். இப்போது ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கிறார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிக் கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாப்பா இப்ப எப்படி இருக்கு?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த தெரு அம்மாவிடம் நேற்றே போய் உண்மையைச் சொன்னதையும் சொன்னேன். அங்கே வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

"நீங்க அப்படிச் சொன்னது தெரியும் சார். அந்தம்மாவே சொன்னாங்க."

திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வேணாம் சார். இனிமே குழந்தை இருக்கற வீடே வேணாம். பாத்திரம் உடைஞ்சா ஒரு திட்டோட போயிடும்." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 14, ஞாயிறு

சிட்டு தினமும் கேட்டு நச்சரித்ததால் மனைவி போய் அழைத்தாள். பாப்பாவைப் பார்க்க மட்டும் என்று அக்கா வந்தார். சிட்டு ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள், இறங்கவே இல்லை. அக்கா அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டார். இரண்டு பேரும் பழையபடி சிரித்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

மனைவி மாம்பழத் துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "அக்கா, ஊட்டு" என்று சிட்டு வாயைத் திறந்தாள். அக்கா கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். தட்டை மெல்ல என் பக்கம் தள்ளி, "நீங்களே குடுங்க சார்" என்றார்.