மார்செல்லுஸின் சொந்தக்காரர்கள்

ராஜபாளையம்,
12.3.2024

அன்புத் தங்கை ஏசம்மாளுக்கு ஆசீர்.

போனில் நீ அழுதால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். பங்குச் சாமியாராக இந்தக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பேற்றதிலிருந்து, வேலை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டேன். நேற்று உன் மகன் அலெக்ஸும் சர்டிபிகேட் ஃபைலோடு வந்து நின்றான். கையில் தூக்குவாளி வேறு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

1555-இல் மார்செல்லுஸ் என்று ஒரு போப்பாண்டவர். பதவிக்கு வந்ததும், சொந்தக்காரர்கள் யாரும் ரோமாபுரிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்தான் எனக்கு முன்மாதிரி. நீங்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அண்ணன்,
வேதசிரோமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15.3.2024

அன்புள்ள அண்ணனுக்குத் தோத்திரம்.

அலெக்ஸுக்கு அன்று தென்காசியில் இன்டர்வியூ. போகிற வழிதானே, "மாமாவுக்குச் சுண்டவத்தல் குழம்பக் குடுத்துட்டுப் போலே" என்று நான்தான் அனுப்பினேன். "மாமா என்னப் பேசவே விடலம்மா" என்கிறான். குழம்பை மடியில் வைத்துக்கொண்டே தென்காசி வரை போயிருக்கிறான். வேலை கிடைத்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றான், நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் போப் சங்கதியைப் பாதிதானே எழுதியிருக்கிறீர்கள்? அந்த மகராசன் எத்தனை வருசம் இருந்தார்? கடைசியில் அவருக்குக் கஞ்சி ஊற்றியது யார்?

நாங்கள் வரவில்லை. மாத்திரையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஏசம்மாள்


ராஜபாளையம்,
30.3.2024

ஏசம்மா,

வருசம் இல்லை, இருபத்திரண்டு நாள். வரும்போதே சீக்காளி. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் சடங்குகளில் ஒன்றையும் விடாமல் நின்று செய்தார், அப்புறம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சி ஊற்றியது யாரென்று நான் படித்த புத்தகத்தில் இல்லை.

பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ மண்டிபோட்டவன், பாதியில் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்து, "சாமிக்குச் சொந்தம்னு யாரும் இருக்காவளா? சொல்லி விடணும்லா" என்று உபதேசியார் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் படியேறக் கூடாது என்கிறார். எனக்கும் தெம்பில்லை. அலெக்ஸை நான் அப்படி விரட்டியிருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு அதே தூக்குவாளியைக் கொடுத்து அவனை அனுப்பு. வருவானா?

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
4.4.2024

அண்ணனுக்கு,

அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். நானும் வற்புறுத்தவில்லை, அவனுக்கும் மனசு ஆற வேண்டும்.

தூக்குவாளியை நான் கொண்டுவருகிறேன். குழம்பில் உப்பு கம்மியாகத்தான் இருக்கும், முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அதற்குள் உபதேசியாரிடம் சொல்லி வையுங்கள், சாமிக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று.

ஏசம்மாள்