முதலாம் இலக்க வளையம்

ஸ்கந்தபுரம்,
10.10.2024

பிரியந்தினிக்கு,

அண்ணன் கோகுலன் எழுதுவது. என் கையெழுத்தைக் கண்டு யாருக்கோ என்னவோ நடந்துவிட்டது என்று பதறாதே. இங்கே எல்லாரும் சுகம். உன் மச்சாளுக்கு மட்டும் முழங்கால் நோ. அது பழசுதான்.

உறைக்குள் மூன்று வளையங்கள் இருக்கின்றன. இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கமும், பக்கத்தில் கோ. பி. என்று நம் இரண்டு பேரின் முதலெழுத்தும் வெட்டியிருக்கிறது. 2016இல் கிளிநொச்சியில் பூட்டுக்குத் திறப்பு வெட்டுகிற கடையில் நான்தான் பக்கத்தில் நின்று வெட்டுவித்தேன். அதனால் யாருடையது என்று தேடவேண்டி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, புழுதியில் விதைத்த நெல்லைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டு நின்றன. குரங்குக்கென்று வைத்திருக்கும் காற்றுத் துவக்கால் சுட்டேன். காட்டுப் புறா என்றுதான் நினைத்தேன். மூன்று விழுந்தன. நான்காவதற்குப் பட்டதோ தெரியாது, பறந்துவிட்டது. கறிக்கு ஆகும் என்று குசினியில் கொண்டுபோய்ப் போட்டேன். இறகு பிடுங்க இருந்த உன் மச்சாள் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "இஞ்சை பாருங்கோ, காலிலை வளையம் கிடக்கு. இது தங்கச்சியின்ரை புறாவல்லோ! ஐயோ, என்ன வேலை பாத்தனீங்கள்?" என்றாள்.

உன்னோடு வாய்திறந்து கதைப்பதில்லை என்று அம்மாவின் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தவன் நான். அது அப்படியே நிற்கிறது. இது கதை இல்லை, எழுத்து. வாட்சப்பில் எழுதியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். வளையத்தை வாட்சப்பில் அனுப்ப முடியாது. உன் பொருளை உன்னிடம் சேர்ப்பித்துவிட்டேன். மிச்சப் புறாக்களைக் கூட்டில் அடைத்துவை.

இப்படிக்கு,
க. கோகுலன்


பூவரசங்குளம்,
17.10.2024

என் அன்பு அண்ணாவுக்கு,

தங்கை பிரியந்தினி பாசத்தோடும் கோபத்தோடும் எழுதுவது. நானும் அவரும் பிள்ளையும் மாமியும் நல்ல சுகம். நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றுகிற நேரமெல்லாம் நினைக்கிறேன். மச்சாளின் முழங்காலுக்கு நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுங்கள்.

ஏழு வருடம் கழித்து ஒரு கடிதம். அதிலும் "க. கோகுலன்" என்று கையெழுத்து. நான் என்ன கிராமசேவையாளரா அண்ணா?

உறையைப் பிரித்து வளையங்களை உள்ளங்கையில் கொட்டியதும், கடிதத்தை வாசிக்கமுன்னமே அழுதுவிட்டேன். உங்களுக்கு மறந்துபோச்சு போல. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் நீங்கள் அதன் விரல்களைச் சேர்த்துப் பிடிப்பீர்கள், நான் வளையத்தை ஏற்றுவேன். பத்து நாள் கடந்தால் ஏறாது. ஏறின பிறகு, உயிரோடு இருக்கிற புறாவின் காலிலிருந்து அது முழுசாகக் கழலாது. வெட்டித்தான் எடுக்கவேண்டும். நீங்கள் அனுப்பிய மூன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

அவை காட்டுப் புறா இல்லை. நம் வளவில் பொரித்தவை. புறா எங்கே கொண்டுபோய் விட்டாலும் பொரித்த இடத்துக்குத்தான் திரும்பும். அதனால்தான் நான் கொண்டுவந்த அந்தப் பழசுகளை இங்கே ஒருநாளும் பறக்கவிட்டதில்லை. இங்கே பொரித்த குஞ்சுகளை மட்டும்தான் விடுவேன். போன மாதம் கூட்டுக் கதவு தவறித் திறந்துபோச்சு. மிச்சமிருந்த நாலும் போய்விட்டன.

முதலாம் இலக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. சாம்பல் உடம்பு, வாலில் ஒரே ஒரு இறகு வெள்ளை. உங்கள் கையில் ஏறி நின்று பயறு தின்னுமே, அந்த வெள்ளைவால். "சனியன், கையெல்லாம் பீச்சிப்போட்டுது" என்று ஏசிவிட்டு, அடுத்த நாளும் நீங்கள்தான் பயறு ஊறப்போடுவீர்கள். தப்பினது அவளா? தயவுசெய்து பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. சாரங்காவுக்கு ஐந்து வயதாகிவிட்டது, இன்னும் காது குத்தவில்லை. மாமி விடமாட்டா. "தாய்மாமன் மடியில உக்காந்துதான் புள்ளைக்குக் காது குத்தணும். அவரு வர்றவரைக்கும் இருக்கட்டும்" என்று பிள்ளை பிறந்த நாளிலிருந்து சொல்கிறா. வருகிற தை மாதக் கடைசி வெள்ளிக்கு நாள் வைத்திருக்கிறோம். உங்கள் சத்தியம் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் கதைக்க வேண்டாம். மடி மட்டும் தந்தால் போதும்.

உங்கள் அன்புத் தங்கை,
பிரியந்தினி


ஸ்கந்தபுரம்,
27.10.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுட்டது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஒன்று விழுந்தும் மற்றவை ஓடவில்லை. பாலைமரத்தில் போய் இருந்துவிட்டுத் திரும்பவும் இறங்கின. என்ன விசர்ப் புறாக்கள் இவை என்று நினைத்தேன். சொந்த வீட்டுக்கு வந்தவை எதற்கு ஓடவேண்டும்? உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் அது எனக்கு ஓடிவெளித்தது.

கூட்டைத் தேடியிருக்கும். கூடு இல்லை. நீ போன மறுநாளே நான் கோடாலியால் கொத்திப் பிரித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரம் விடுகிற கொட்டில் நிற்கிறது. தங்க இடமில்லாமல்தான் வயலுக்குள் இறங்கியிருக்கும்.

மூன்றையும் தேசிமரத்தடியில் குழிதோண்டித் தாட்டிருக்கிறேன். காலை வெட்டித்தான் வளையம் எடுத்தேன். அதை முதல் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. துவக்கைப் பக்கத்து வயல் தங்கராசா அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். இப்போது தகரத்தில் தட்டித்தான் குருவி கலைக்கிறேன். வாய்க்கால் கரையால் போகிற சனம் சிரிக்குது.

வெள்ளைவாலைக் காணவில்லை. காலையும் மாலையும் பார்க்கிறேன். தப்பினது அவளாகத்தான் இருக்கவேண்டும்.

காது குத்துக்கு வர ஏலாது. தையில் கதிர் முற்றுகிற நேரம், எனக்குப் பன்றிக்காவல். யாராவது ஒருவரின் மடியில் இருத்திச் செய்யுங்கள். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணன்,
கோகுலன்

தங்கச்சி, இதைத் தபாலில் போடச் சொல்லி உன் அண்ணா என்னிடம் தந்தவர், அதனால் வாசித்துவிட்டேன். பன்றிக்காவலுக்கு எங்கள் முறை தை முதல் கிழமையோடு முடிகிறது. வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. — மச்சாள் கமலாசனி


பூவரசங்குளம்,
5.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பன்றியின் மேல் பழி போடாதீர்கள்.

நானும் ஒரு பொய் எழுதிவிட்டேன். கூட்டுக் கதவு தவறித் திறக்கவில்லை. நான்தான் திறந்துவிட்டேன். அம்மாவின் திதி அன்று காலை, அங்கே நீங்கள் படையல் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். எனக்கு வர ஏலாது. என்னிடம் இருக்கிற எங்கள் வீட்டு உயிர்களாவது போகட்டும், அண்ணா கண்டால் நினைப்பார் என்று கதவை இழுத்துவிட்டேன். நாலும் ஒரு வட்டம் அடித்துவிட்டு நேரே வடக்கே போயின. எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? சுட்டது நீங்கள். சாகவென்று அனுப்பினது நான். இரவில் அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

நீங்கள் ஏன் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன், தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறின மாமி பழத்தட்டோடு நம் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தா. விறாந்தையில் மூன்று கதிரை ஒருவரும் உட்காராமல் வெறுமையாய்க் கிடந்தது. "தோட்டக்காட்டுச் சனத்துக்கு என்ரை வீட்டிலை கதிரை இல்லை" என்று சொன்னீர்கள். அவா தட்டைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே திரும்பினா. அந்த மனுசியின் பின்னால்தான் நான் வெளிக்கிட்டு வந்தேன்.

உங்கள் கடிதத்தை அவாவுக்கு வாசித்துக் காட்டினேன். "யாராவது ஒருவரின் மடியில்" என்ற இடத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. பிறகு வந்து, "அவரு வெக்கப்படுறாரும்மா. நாங்க யாரும் எதையும் சொல்லிக் காட்ட மாட்டோம்னு எழுதிப் போடு" என்றா. எழுதிவிட்டேன்.

இனி நான் கேட்கமாட்டேன் அண்ணா. களைத்துப்போனேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியந்தினி


ஸ்கந்தபுரம்,
8.12.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் உறைக்குள் இருக்கிற வளையத்தை எடுத்துப் பார். பிறகு மிச்சத்தை வாசி.

பார்த்தாயா? முதலாம் இலக்கம். வளையமே குறுக்கே வெட்டியிருக்கிறது.

போன மாதக் கடைசியில் விடாத மழை. வாய்க்கால் மேவி வளவுக்குள் தண்ணீர். கொட்டிலுக்குள் போனால், லாண்ட்மாஸ்டரின் கைபிடியில் ஒரு நனைந்த சாம்பல் உருண்டை. வாலில் ஒரு வெள்ளை இறகு. சரியாகப் பழைய கூடு இருந்த இடம். ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள். என் துவக்குத்தான் அந்தக் காலில் உரசியிருக்கிறது. புண் ஆறாமல் கால் வீங்கி, வளையம் சதைக்குள் இறுகிக் கிடந்தது. விட்டால் கால் அழுகிவிடும்.

உன் மச்சாள் துணியால் சுற்றிப் பிடித்தாள். தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன், கை நடுங்கத் தொடங்கிவிட்டது. "சுடேக்கை நடுங்கேல்லை, இப்ப என்ன நடுக்கம்?" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு வாய். வெட்டிவிட்டேன். மஞ்சள் போட்டுக் கட்டினோம். இப்போது கொட்டில் முழுக்க நொண்டி நொண்டித் திரிகிறாள். தரையில் போட்டால் பயறு தின்கிறாள். என் கையில் ஏறுகிறாள் இல்லை. அதற்கு நான் கோபப்பட முடியாது.

அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உன் மச்சாள் வந்து, "நீங்கள் சத்தியம் பண்ணினது சரி. படத்திலை இருக்கிற மாமி அதுக்கு ஓம் எண்டு சொன்னவவோ?" என்று கேட்டாள்.

கதிரைக் கதையை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயோ? விறாந்தையில் கிடந்தது மூன்று இல்லை, நாலு. நான் எண்ணி வைத்திருக்கிறேன். வெட்கம்தான் தங்கச்சி. உன் மாமி சொன்னது சரி.

உன் அண்ணன்,
கோகுலன்


பூவரசங்குளம்,
15.12.2024

என் அண்ணாவுக்கு,

வளையம் இரண்டு முனையும் விலகிக் கிடந்ததைக் கண்டதும் வீடே அதிரக் கத்திவிட்டேன். அவர் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தார், பாம்பாக்கும் என்று. மாமி வளையத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாமித் தட்டில் வைத்துவிட்டா. சாமித் தட்டில் அலுமினியம் வைத்திருக்கிற வீடு இது ஒன்றுதான்.

வெள்ளைவாலைத் திருப்பி அனுப்பவேண்டாம். அவள் வந்து சேர்ந்த இடம் அதுதான். பயறை இரவே ஊறப்போடுங்கள், கொஞ்சம் முளைவிட்டால் இன்னும் விருப்பம்.

காது குத்தைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன், நான் கேட்கவில்லை. சாரங்கா கேட்டதை மட்டும் எழுதுகிறேன். "புறாவுக்கு வளையம் கழட்டின மாமா எனக்குத் தோடு போடுவாரோ?" என்றாள். பார்ப்போம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள்,
பிரியந்தினி


ஸ்கந்தபுரம்,
24.1.2025

என் அன்பு பிரியந்தினிக்கு,

இத்தனை நாள் மறுமொழி போடாததற்கு ஏசாதே. ஒரு வேலை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டிலைப் பிரித்துவிட்டேன். லாண்ட்மாஸ்டர் இப்போது மாமரத்தடியில், படங்கு போட்டு மூடிக் கிடக்கிறது. பழைய இடத்தில் கூடு எழுப்பியிருக்கிறேன், நீ வைத்திருந்த மாதிரியே கிழக்குப் பார்த்த வாசல். வெள்ளைவால் முதல்நாளே ஏறி இருந்துவிட்டாள்.

முந்தநாள் காலை உள்ளங்கையில் பயறை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். வந்து ஏறினாள். நொண்டிக் காலை என் பெருவிரலில் ஊன்றித் தின்றாள். வழமைபோல் கையெல்லாம் பீச்சிவிட்டாள். நான் ஏசவில்லை, அழுதேன். உன் மச்சாளிடம் கேட்டால் கூட்டித்தான் சொல்லுவாள்.

நேற்று அம்மாவின் படத்துக்கு முன்னால் திரும்பக் கற்பூரம் கொளுத்தி, அந்தச் சத்தியத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பிறகு அலுமாரியைத் திறந்து உன் சின்னத் தோட்டை எடுத்தேன். உனக்குக் காது குத்திய அன்று போட்டது. அம்மா பஞ்சில் சுற்றி வைத்தபடியே இருந்தது. அது சாரங்காவுக்கு.

காது குத்துகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் உன் மச்சாளும் வருகிறோம். உன் மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவை. நான் வந்து முதலில் அவாவிடம் மன்னிப்புக் கேட்பேன். கேட்டுவிட்டு நிற்பேன். பிள்ளைக்கு மடி கொடுக்க நான் கதிரையில் இருக்கவேண்டும்தானே. இரு என்று அவாதான் சொல்லவேண்டும். மத்தியானம் ஆனாலும் சரி, பொழுதுபட்டாலும் சரி, அவா சொல்லும்வரை நிற்பேன். நீ குறுக்கே வந்து கதிரையை இழுத்துப் போடாதே.

இதுதான் என் கடைசிக் கடிதம். இனி எழுதமாட்டேன். படலையில் நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஏழு வருடமாய்க் கூப்பிடாத பேர்.

அண்ணா