யார் என்று கேட்காமல்

8 ஜூன் 2025, ஞாயிறு

பூசை முடிந்து பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் மகளிர் குழு கூடியது. ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. இனி வரதராஜன்பேட்டையில் ஒரு சாவு என்றால், ஜெயங்கொண்டத்துக்குப் போன் போட்டுவிட்டு உடலை வெறும் பெஞ்சில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். என் மகன் செபஸ்டினை அப்படித்தான் போன வருஷம் வைத்திருந்தோம். அதனால்தான் இந்தக் குழுவே.

குழுவின் நோக்கத்தைச் சுவரில் எழுத வேண்டுமாம். எழுதித் தரும் வேலை என் தலையில்.

10 ஜூன்

"அன்பின் வழியில், சமூக மேம்பாட்டை இலக்காகக் கொண்டு, துயருற்றோருக்கு உறுதுணையாக..." நானே திரும்பத் திரும்ப வாசித்து மெச்சிக்கொண்டேன்.

15 ஜூன், ஞாயிறு

குழுவில் வாசித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், ஜெயராணியைத் தவிர. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர். மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாதவள்.

"நல்லாத்தான் இருக்கு ரோஸு. ஆனா இதுல பெட்டியவே காணோமே. பேங்க் செவுத்துல எழுதுனாக்கூடப் பொருந்தும்."

சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் — ஆமாம், பெட்டி இல்லை.

22 ஜூன், ஞாயிறு

இந்த முறை அலங்காரம் எதுவும் இல்லை. "சாவு நடந்த வீட்டுக்கு, காசு வாங்காமல் ஃப்ரீசர் பெட்டி கொடுப்போம்."

"எந்த வூட்டுக்கு?" என்றாள் ஆரோக்கிய செல்வி. "நம்ம கோயில் பங்குக்காரங்களுக்கு மட்டுந்தானே? கண்டவங்களுக்கும் தூக்கிக் குடுத்துட்டு, நம்மாளு ஒருத்தர் போயிட்டா என்ன பண்றது?"

சத்தம் கூடியது. நான் எழுந்தேன். கீழப்பழுவூர் ரோட்டில் சிமெண்ட் லாரி அடித்து என் மகன் கிடந்தபோது, மடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்தவர் எந்த ஊர், எந்தச் சாமி என்று அவனைக் கேட்கவில்லை என்றேன். "யார் என்று கேட்காமல்" என்று சேர்க்க வேண்டும் என்றேன்.

அந்த வரி சேர்ந்தது. செபஸ்டின் பெயரைச் சொன்னால் யாரும் பேச மாட்டார்கள். தெரிந்துதான் சொன்னேன்.

பெட்டி பள்ளிக்கூட அறையில். சாவி என்னிடம்.

3 ஜூலை, வியாழன்

விடியும் முன்னே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் சின்னதுரை. அந்த லாரியை ஓட்டியவன். கோர்ட்டில் மட்டுமே பார்த்த முகம். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறான். அம்மா இறந்துவிட்டாளாம், அக்கா திருப்பூரிலிருந்து வர வேண்டுமாம்.

"பெட்டிச் சாவி டீச்சர்கிட்டன்னு கோயில்ல சொன்னாங்க. நீங்கன்னு தெரியாதுங்க. நான் போயிடுறேன்."

போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் ஆத்தா நாறட்டும்னுகூட நெனச்சேன். ஆண்டவரே, ஒங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது.

அவன் படியிறங்கினான். அப்போதுதான் அந்த வரி குறுக்கே வந்தது. எழுதினது நான்தானே? என் பிள்ளை பேரைச் சொல்லித்தானே மத்தவங்க வாயை அடைச்சேன்?

"நில்லு" என்றேன். சாவியை அவன் கையில் கொடுக்க முடியவில்லை, படியில் வைத்தேன். "ஒயரு பழசு. பாத்து மாட்டு."

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். நான் அவனை மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதும் மன்னிக்கவில்லை.

5 ஜூலை

பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். சாவி நான் வைத்த அதே படியில் இருந்தது.

6 ஜூலை, ஞாயிறு

பெயின்டர் வந்தார். "சாவு நடந்த வீட்டுக்கு, யார் என்று கேட்காமல், காசு வாங்காமல் ஃப்ரீசர் பெட்டி கொடுப்போம்."

ஆரோக்கிய செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சது யாருக்கும் வராதுக்கா. செவுத்துல இடம் இருக்கு. 'அன்போடு'ன்னு ஒரு வார்த்தை சேத்துருவோமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயராணி மட்டும் என்னைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றேன். "அந்த வார்த்தை இருந்திருந்தா அன்னிக்கு நான் சாவியக் குடுத்திருக்க மாட்டேன்."

பெயின்டர் பிரஷைக் கழுவப் போனார்.