வெங்காய வாசம் வரும் நொடி

ஜூன் 14

அன்புள்ள குட்டிக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொறுக்க முடியவில்லை.

என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். உன்னைப் போலவே பிறவியிலிருந்து பார்வை இல்லை. கைத்தடியைத் தட்டிக்கொண்டு அவள் நடைபாதையில் வரும் வேகத்துக்குப் பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் நாளே 'புயல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று.

திங்கட்கிழமை ஆய்வக வகுப்பு. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு அந்த நேரத்துல நூலகத்துல உக்காந்துக்கட்டும். ஆசிட், கண்ணாடின்னு ஆயிரம் இருக்கு. எதுக்கு வம்பு?" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆய்வகத்துக் கதவைத் திறந்தால், எல்லோருக்கும் முன்னால் அவள் நிற்கிறாள்.

"டீச்சர், எனக்கு எந்த மேஜை?"

நூலகத்துக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "மூணாவது" என்று சொல்லிவிட்டேன்! அன்றைக்கு உப்புக் கரைசலைத் தொட்டுப் பார்க்க வைத்து எப்படியோ ஒப்பேற்றினேன். அடுத்த மாதம் அமிலத்தை அளந்து ஊற்றும் சோதனை. நிறம் மாறும் நொடியில் நிறுத்த வேண்டும். நிறம் தெரியாதவளுக்கு எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன்?

நீ டீயை எப்படி அளந்து ஊற்றுகிறாய்? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. உடனே எழுது. போன் வேண்டாம். போனில் நான்தான் பேசிக்கொண்டே இருப்பேன்.

பிரியமுள்ள,
அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில், பைக்குள் கையை விட்டே படித்து முடித்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

உன் பிரெயில் அழகே அழகு. ஒரு புள்ளியை விட்டால் 'ட' போய் 'த' ஆகிவிடும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? கடிதத்தின் ஓரத்தில் 'வேதியியல் பாதம் நடத்தப் போகிறேன்' என்று குறித்திருக்கிறாய். பாதம் நடக்கட்டும், நீ பாடம் நடத்து.

டீயை விரலை விளிம்பில் வைத்து ஊற்றுவேன். அமிலத்துக்கு அது ஆகாது, அதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே. மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கு. அதன் தண்டில் அளவுக்கு ஒரு வெட்டாக வெட்டச் சொல். நகத்தால் எண்ணிக்கொண்டே தள்ளலாம். என் அலுவலகத்தில் இருமல் மருந்தை நான் அப்படித்தான் அளக்கிறேன். மொழிபெயர்ப்புப் பிரிவே சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

நிறத்துக்குப் பதில் வாசனை இருக்கக்கூடாதா? இது உன் துறை. நீ யோசி.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் கேட்கிறாயே, அவளிடம் கேட்டாயா?

நான் ஆய்வகத்துக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை, உனக்கே தெரியும். மேஜை போதவில்லை என்று நம் பள்ளி அறிவியல் சார் சொன்னார். ஒன்பதும் பத்தும் சேர்ந்து உள்ளே இருந்தீர்கள். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணாடி கிணுகிணுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுநடுவே உன் சிரிப்பும் கேட்கும்.

வேலை குவிந்து கிடக்கிறது. புயலைப் பற்றி நிறைய எழுது.

உன்,
குட்டி

ஜூலை 9

அன்புள்ள குட்டிக்கு,

வந்துவிட்டது! வாசம் வந்துவிட்டது! இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ சொன்னபடி அவளிடமே கேட்டேன். தயாராக வைத்திருந்தவள் மாதிரி பொரிந்து தள்ளினாள். "சாமானை வச்ச இடத்துலயே வையுங்க டீச்சர். நகத்தினா சொல்லிட்டு நகத்துங்க. 'இங்க', 'அங்க'ன்னு சொல்லாதீங்க, இடது வலது சொல்லுங்க. அப்புறம், கத்திப் பேசாதீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்." நான் மூன்று வாரமாக அவளிடம் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஆய்வக உதவியாளர் இருபத்திரண்டு வருஷமாகக் குடுவை கழுவுகிறவர். அதனால் பிள்ளைகளுக்கு அவர் 'குடுவை அண்ணன்'. மனுஷர் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பத்து சிரிஞ்சுத் தண்டுகளில் ரம்பத்தால் வெட்டுப் போட்டார். ஒவ்வொரு வெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போனார்.

வாசனைக்கு நம் சமையலறையிலேயே விடை இருந்தது. வெங்காயம்! நறுக்கிய வெங்காயத்தைக் காரக் கரைசலில் போட்டால் அதன் நெடி அடங்கிவிடும். சிரிஞ்சில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனால், காரம் தீரும் கட்டத்தில் நெடி குப்பென்று திரும்பி வரும். அங்கே நிறுத்த வேண்டும். புத்தகத்தில் ஓரமாக இரண்டு வரி இருக்கிறது. பதினேழு வருஷமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

முதல் தடவை படுதோல்வி. வெங்காயத்தை ஆய்வகத்திலேயே நறுக்கித் தொலைத்தேன். அறை முழுக்க நெடி, நாற்பது பேர் கண்ணிலும் தண்ணீர், குடுவைக்குள் வாசம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? இரண்டாம் தடவை வெளியே நறுக்கி, மூடி போட்டுக் கொண்டு வந்தோம். இன்னொரு சிக்கல், அவளுடைய ஜோடிப் பெண். நல்ல பிள்ளைதான். ஆனால் பாவம் பார்த்து எல்லாவற்றையும் தானே செய்துவிடுவாள். புயல் சும்மா நிற்பாள். "கேட்டா மட்டும் செய், கேக்கலேன்னா கையைக் கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு மூன்றாம் தடவை. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெட்டு வெட்டாக எண்ணித் தள்ளினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் குடுவையை ஆட்டி, கையால் காற்றை விசிறி முகர்ந்தாள். பதினெட்டு. பத்தொன்பது. இருபதாவது வெட்டில், "டீச்சர், வந்திருச்சு!" என்று ஒரு கத்தல். பக்கத்து மேஜையில் நிறம் பார்த்துச் செய்தவர்களுக்கும் இருபதுதான்! பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். குடுவை அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழி போட்டார்.

இப்போது ஒரு தலைவலி. பொதுத்தேர்வில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்குச் செய்முறை கிடையாதாம். எழுத்துத் தேர்வை வைத்துச் சராசரி மதிப்பெண் போட்டுவிடுவார்களாம். "சலுகைதானே, வாங்கிக்க வேண்டியதுதானே" என்கிறார் தலைமையாசிரியை. புயலோ, "சும்மா குடுக்குற மார்க் எனக்கு வேண்டாம்" என்கிறாள். தையல் வேலை செய்கிற அவள் அம்மா, "அவ சொன்னா சொன்னதுதான் டீச்சர், நான் பழகிட்டேன்" என்கிறார். தேர்வு அலுவலகத்துக்கு மனு போடப் போகிறோம். உன் உதவி வேண்டும்.

பிரியமுள்ள,
அக்கா

ஜூலை 10

குட்டி,

நேற்றைய கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. உன் படிக்கட்டு வரியைப் படித்ததிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. நேற்று எழுதாமல் நழுவிவிட்டேன்.

மேஜை இருந்தது, குட்டி. சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "உன் தங்கச்சிய உள்ள விடலாம்னு பாக்குறேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்குவியா?"

நான் சொன்னேன்: "வேண்டாம் சார். அவ எல்லாத்தையும் உடைச்சிடுவா."

நீ எதையும் உடைக்கிறவள் இல்லை. வீட்டில் என்னைவிட நீதான் பதமாகப் பாத்திரம் எடுப்பாய். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கு உன் கையைப் பிடித்து வருவேன், பிடித்துப் போவேன். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் யாருக்கும் அக்காவாக இல்லாமல் இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். உன்னிடம் மேஜை போதாது என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

உனக்கு வேதியியலில் அத்தனை ஆசை இருந்தது. நான் வேதியியல் டீச்சரானேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வராது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தபால்காரரின் மணிச்சத்தம் கேட்டால் கால் தானாக வாசலுக்கு ஓடுகிறது.

என்னைப் பற்றி எழுதவில்லை. புயலைப் பற்றி மட்டும். தேர்வு அலுவலகத்தில் ஆகஸ்ட் 28 அன்று மனுவோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிய மனுவையும் இணைத்திருக்கிறேன், படித்துப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது. அப்படி எழுதினால் நம்மைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவளே உனக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறாள். அதற்கு மட்டும் போடு.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

அந்தப் பெண்ணின் கடிதத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. சின்னக் கோபம் இல்லை. இத்தனை வருஷமும் அந்தச் சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனுஷர் செத்தே போனார். இனி அவ்வளவையும் திருப்பி உன் மேல் வைக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அதை இப்போது ஓரமாக வைக்கிறேன். மனு அவசரம்.

நீ எழுதியது மனு இல்லை, ஒப்பாரி. புதிதாக எழுதி இணைத்திருக்கிறேன். 'கருணை', 'பெரிய மனது', 'பாவப்பட்ட' ஆகிய மூன்று சொற்களும் எங்கும் வரக்கூடாது. விலக்கு வேண்டாம், வேறு வழியில் அதே தேர்வு வேண்டும் என்று கேள். வெட்டுப் போட்ட சிரிஞ்சு, நிறத்துக்குப் பதில் வாசனை, சொன்னதை மட்டும் செய்யும் ஓர் உதவியாளர், கூடுதலாக அரை மணி நேரம். வேறு எதுவும் கேட்காதே.

அங்கே நீ பேசாதே. அவள் பேசட்டும். வாயால் பேசுவதைவிடக் கையால் செய்து காட்டட்டும்.

குட்டி

ஆகஸ்ட் 29

என் குட்டிக்கு,

அனுமதி! அனுமதி! அனுமதி! மூன்று தடவை எழுதியாயிற்று, இனி கதைக்கு வருகிறேன்.

நானும் புயலும் அவள் அம்மாவும் குடுவை அண்ணனும் போனோம். இரண்டாவது மாடி, நீளமான அறை, சுவர் முழுக்கக் கோப்புகள். அதிகாரி மனுவை இரண்டு தரம் படித்தார். "யார் எழுதுனது? வக்கீலா?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் பேசினேன், உன் மேல் ஆணை.

"எல்லாம் சரிம்மா. முகர்ந்து பாத்து அளக்குறது நம்புற மாதிரியா இருக்கு?" என்று இழுத்தார்.

"மேஜைய காலி பண்ணுங்க சார், காட்டுறேன்" என்றாள் புயல்.

குடுவை அண்ணன் பையைத் திறந்து சாமான்களை அடுக்கினார். இடமிருந்து வலம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு அவள் தலையை நிமிர்த்தினாள். "இந்த ரூம்ல யாரோ சாப்பாட்டுப் பையைத் திறந்து வச்சிருக்காங்க. அதுலயும் வெங்காயம் இருக்கு. மூடச் சொல்லுங்க." மூலையில் ஒரு எழுத்தர் அசட்டுச் சிரிப்போடு டப்பாவை மூடினார். அதிகாரியின் முகம் அங்கேயே மாறிவிட்டது.

எண்ண ஆரம்பித்தாள். பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். இருபத்துமூன்றில், "இப்ப" என்று நிறுத்தினாள். அதிகாரி அடுத்த குடுவையில் நிறம் மாறும் சொட்டு விட்டுத் தன் கையாலேயே சரிபார்த்தார். அவருக்கு இருபத்தாறு வந்தது.

குடுவை அண்ணன் மெதுவாக, "சார் கொஞ்சம் வேகமாத் தள்ளிட்டீங்க" என்றார். மறுபடி செய்தார். இருபத்துமூன்று! அவர் சிரித்த சிரிப்பில் மேஜைத் தாள்கள் பறந்தன. அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவளுக்கு மட்டும் இல்லை குட்டி, இனிமேல் கேட்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஒரு வரி சேர்த்தே போட்டார். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது புயல்.

தையற்கார அம்மா படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனு எழுதுனவங்கள நான் பாக்கணும்" என்றார். நானும்தான் என்று சொல்ல வந்து, முழுங்கிக்கொண்டேன்.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

'என் தங்கச்சி' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அலுவலகத்துக்கு நாற்பது நிமிஷம் தாமதம். கேட்டவர்களிடம் எல்லாம் இருபத்துமூன்று கதையைச் சொன்னேன். பிரிவே கைதட்டியது. மேலாளர் தாமதத்தைக் கண்டுகொள்ளவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் தாளை எடுத்து வைத்தேன். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். பொய்யாகப் பட்டது. அதனால் உண்மையாக இருப்பதை எழுதுகிறேன்.

24ஆம் தேதி காலை ஏழு ஐம்பது ரயிலில் வருகிறேன். சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து வைக்கச் சொல். புயலிடம் பேசிவிட்டேன், அவள்தான் எனக்குச் சொல்லித்தரப் போகிறாள். நாற்பத்தொரு வயது மாணவி கிடைத்ததில் அவளுக்கு ஒரே பெருமை. மக்கு மாணவியாக இருந்தால் திட்டுவேன் என்று இப்போதே மிரட்டுகிறாள். குடுவை அண்ணனைக் கட்டாயம் வரச் சொல். அந்த அம்மாவையும்.

நீயும் உள்ளே இருக்கலாம். கேட்டால் மட்டும் செய்.

உன்னோடு நேரில் சண்டை போட வேண்டியது நிறைய இருக்கிறது. இரண்டு நாளில் முடிகிற சண்டை இல்லை. பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

உன்,
குட்டி